பி.பி. நம்பரும் புளூடூத்தும்

கணினியில் தட்டி வைத்த பெயர்களையும் தொலைபேசி எண்களையும் கம்பியில்லாமல் செல்போனுக்கு மாற்றுவது சென்னையின் மேற்குப் புறநகர்களில் 2000-களின் நடுவில் புழக்கத்துக்கு வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னச் சின்ன ஆபீஸ்களிலும் ஆவடி மார்க்கெட்டின் செல்போன் கடைகளிலும் அது ஏறக்குறைய பத்தாண்டு காலம் ஒரு தனி வேலையாகவே இருந்தது. பிறகு யாரும் கவனிக்காமல் போனுக்குள்ளேயே கரைந்துவிட்டது. இந்தக் காலத்தில் வேகம் கூடியது என்பது கதையின் ஒரு பாதி. ஒவ்வொரு தடவை பட்டியல் இடம் மாறியபோதும் அதில் எதையோ கத்தரித்துவிட்டார்கள் என்பது மறுபாதி. சுவாரஸ்யம் அங்கேதான் இருக்கிறது.

அண்ணனூர் இதற்கு நல்ல உதாரணம். சென்ட்ரலிலிருந்து அரக்கோணம் போகும் தடத்தில், திருமுல்லைவாயிலுக்கு அடுத்து, ஆவடிக்கு முந்திய நிலையம் அது. புறநகர் மின்ரயில்களைப் பழுது பார்க்கும் கார் ஷெட் இங்கே இருக்கிறது. ஒரு பக்கம் 1960-களின் தொடக்கத்தில் ஆவடியில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் படையுடைத் தொழிற்சாலையும். மறுபக்கம் 1964-இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டை. நடுவில் இருப்பது பெரும்பாலும் ரயில்வே, தொழிற்சாலை ஊழியர்களின் வீடுகள். ஷிப்டுக்குப் போகிறவர்களும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களும் நிறைந்த இடத்தில் தொலைபேசி எண்ணின் தேவை அதிகம். வீட்டில் தொலைபேசி இருந்தவர்கள் குறைவு.

செல்போன் வருவதற்கு முன், லேண்ட்லைனுக்கு விண்ணப்பித்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கூடுதல் பணம் கட்டினால் முன்னுரிமை தரும் ஓ.ஒய்.டி. திட்டம் வசதியுள்ளவர்களுக்கு. மற்றவர்களுக்கு இருந்த வழி பி.பி. நம்பர். பக்கத்து வீட்டிலோ தெருமுனை மளிகைக் கடையிலோ இருக்கும் போன் எண்ணைக் கொடுத்து, பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் விசிட்டிங் கார்டிலும் வேலைக்கான விண்ணப்பத்திலும் அந்த இரண்டு எழுத்து இருக்கும். கூப்பிடுகிறவர் முதலில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, இன்னாரைக் கூப்பிட முடியுமா என்று கேட்டுவிட்டு, வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து மறுபடி போட வேண்டும். ஆக, ஒரு எண்ணோடு அது யாருடையது, யாருக்காக, எத்தனை மணிக்குள் கூப்பிடலாம் என்ற விவரங்களும் சேர்ந்தே டைரியில் ஏறின.

அந்த டைரிக்குக் கடையில் டெலிபோன் இண்டெக்ஸ் என்று பெயர். வலது ஓரத்தில் ஆங்கில எழுத்துகள் படிக்கட்டு போல வெட்டியிருக்கும். ஆனால் எழுதுகிற முறை ஆங்கில அகராதியை மதித்ததில்லை. எலக்ட்ரீஷியன் மணி ‘எம்’ பக்கத்திலும் இருக்கலாம், ‘ஈ’ பக்கத்திலும் இருக்கலாம். பெரியப்பா வீட்டு எண் பெரியப்பாவின் பெயரில் இருக்காது. ‘மதுரை’ என்று இருக்கும். எண் மாறினால் அடித்துவிட்டு மேலே எழுதுவார்கள். அடித்த எண்ணும் தெரியும்; எப்போது எந்த வீட்டுக்கு மாறினார்கள் என்ற கதையும் அதிலிருந்து தெரியும்.

அச்சில் வந்த டைரக்டரி வேறு மாதிரி. 1882-ஆம் ஆண்டு ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், மதராஸ் மூன்று நகரங்களிலும் தொலைபேசி நிலையங்கள் திறக்கப்பட்டதிலிருந்து சந்தாதாரர் பட்டியலும் உடன் வந்தது. பிற்காலத்தில் அது தூக்க முடியாத கனத்துக்கு வளர்ந்தது. அதில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போனது. கே. முருகன் என்பவர் ‘முருகன் கே.’ ஆனார். தமிழர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னால் நிற்பது அப்பா பெயரின் முதலெழுத்து, அதோடு சில குடும்பங்களில் ஊரின் முதலெழுத்தும். தொலைபேசித் துறை அதைப் புரிந்துகொண்டு, தேடுவதற்குத் தோதாகத் திருப்பிப் போட்டது. இந்தச் சின்னச் சாமர்த்தியம் பின்னால் வந்த கணினி நிரல்களுக்கு வாய்க்கவில்லை.

1990-களில் பர்மா பஜாரிலிருந்து கேசியோ டிஜிட்டல் டைரி சட்டைப் பைக்கு வந்தது. அதே சமயம் தொழிற்பேட்டை ஆபீஸ்களில் கணினி நுழைந்து, வாடிக்கையாளர் முகவரிகள் எக்செல் தாளிலும் அவுட்லுக்கிலும் ஏறத் தொடங்கின. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை அநேகமாக இல்லை. கணினியில் ஒரு தடவை, டைரியில் ஒரு தடவை என்று இரட்டை வேலை.

சென்னையில் செல்போன் சேவை 1995-இல் தொடங்கியது. ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரண்டு நிறுவனங்கள். 98400 என்று தொடங்கினால் ஸ்கைசெல், 98410 என்றால் ஆர்.பி.ஜி. முன்னது பிறகு ஏர்டெல் கைக்கும் பின்னது ஏர்செல் கைக்கும் போயின. பரபரப்பான நேரத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய்க்கு மேல். வருகிற அழைப்புக்கும் காசு. புறநகர்க்காரர்கள் செல்போனைப் பக்கத்திலிருந்து பார்க்க மேலும் சில வருடங்கள் ஆயின. 2002-இல் பி.எஸ்.என்.எல்.லின் செல்ஒன் வந்தது, 2003 மே மாதத்திலிருந்து வருகிற அழைப்புகள் இலவசமாயின. அதற்குப் பிறகுதான் 94440-இல் தொடங்கும் எண்கள் ஷெட் ஊழியர்களின் சட்டைப் பையிலும் தெரிந்தன.

ஆரம்ப காலத்தில் பெயர்கள் சிம் கார்டில்தான் தங்கின. சின்னச் சிம்மில் 100 பெயர் கொள்ளும், பிறகு வந்ததில் 250. ஒரு பெயருக்கு இத்தனை பைட் என்று கார்டு தயாரிக்கும்போதே முடிவு செய்துவிடுவார்கள். 14 பைட் என்பது சாதாரணமாகக் காணப்பட்ட அளவு. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். ஆகவே கோவிந்தராஜன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 12 எழுத்து. தாராளமாக உள்ளே போகும். தமிழில் எழுதினால் கணக்கு வேறு. யூனிகோடில் ‘கோ’ என்பது ககரமும் ஓகாரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடு. ‘ன்’ என்பது னகரமும் புள்ளியும். அப்படிப் பார்த்தால் இந்தப் பெயரிலும் 12 குறியீடுகள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட் வேண்டும், முன்னால் அடையாளத்துக்கு ஒரு பைட். 14 பைட் கார்டில் ஆறு குறியீடுகள்தான் பிடிக்கும். திரையில் ‘கோவிந்’ என்று நிற்கும்.

ஜி.எஸ்.எம். தரத்தில் இதற்கு ஒரு சிக்கன வழியும் உண்டு. எந்த மொழிப் பகுதி என்பதை மூன்று பைட்டில் முதலிலேயே சொல்லிவிட்டால், அப்புறம் ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரே பைட். ஒரு பகுதியில் 128 இடங்கள்; யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பதும் சரியாக 128 இடங்கள்தான். அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. அதிலும் 14-இல் மூன்று போக மிச்சம் 11. கோவிந்தராஜனின் கடைசிப் புள்ளி வெளியே நின்றுவிடும். தமிழர்கள் அப்பா, அம்மா, சித்தப்பா எல்லாரையும் ஆங்கில எழுத்தில் சேமித்ததற்கு விசைப்பலகை மட்டுமே காரணமல்ல.

கணினியில் இருப்பதைப் போனுக்கு மாற்றும் முயற்சி முதலில் கம்பி வழியாகவும், பிறகு அகச்சிவப்புக் கதிர் வழியாகவும் நடந்தது. கதிருக்கான பொதுத் தரத்தை வகுத்த அமைப்பு 1993-இல் உருவானது. 1997-இல் வந்த நோக்கியா 6110-இன் தலைப்பக்கம் அந்தக் கதிருக்கான கறுப்புக் கண்ணாடி இருந்தது. இரண்டு கருவிகளையும் ஒரு மீட்டருக்குள், முகத்துக்கு முகம் பார்த்தபடி வைக்க வேண்டும். கை பட்டாலோ போன் சரிந்தாலோ பாதியில் நின்றுவிடும். டீ டம்ளரை அணைகொடுத்து போனை நிறுத்துவதும் நடக்கும்.

எதை அனுப்புவது என்ற கேள்விக்கு விடை வீகார்டு. ஆப்பிள், ஏ.டி. அண்ட் டி., ஐ.பி.எம்., சீமென்ஸ் நான்கும் சேர்ந்து வெர்சிட் என்ற கூட்டமைப்பின் பெயரில் 1990-களின் நடுவில் வகுத்த விசிட்டிங் கார்டு அது. 1998-இல் இணையத் தரமாக அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. உள்ளே பெரிய ரகசியம் எதுவும் இல்லை. நோட்பேடில் திறந்தால் வாசிக்கலாம்: கார்டு தொடங்குகிறது என்று ஒரு வரி, எந்தப் பதிப்பு என்று ஒரு வரி, பெயர், எண், கார்டு முடிகிறது என்று ஒரு வரி. இன்றைக்கு வாட்ஸாப்பில் ஒருவர் எண்ணை மற்றவருக்கு அனுப்பும்போதும் பயணப்படுவது இதே கார்டுதான்.

புளூடூத்தின் வேர் ஸ்வீடனில். 1994-இல் எரிக்சன் நிறுவனத்தின் லுண்ட் ஆய்வகத்தில், கம்பியை ஒழிக்கும் குறைதூர வானொலி இணைப்பாக அது தொடங்கியது. டச்சுப் பொறியாளர் யாப் ஹார்ட்சனின் பங்கு அதில் முக்கியம். 1998-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஐந்தும் கூட்டமைப்பு அமைத்தன. 1999-இல் முதல் விவரக்குறிப்பு வெளிவந்தது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசர் ஹரால்ட் புளூடூத்தின் பெயரைத் தற்காலிகமாக வைத்தார்கள். வேறு நல்ல பெயர் கிடைக்காமல் அதுவே நிலைத்துவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 தடவை தடம் மாறி மாறிப் பேசும். ஒரு தடத்தில் இரைச்சல் இருந்தாலும் அடுத்த தடத்தில் செய்தி போய்ச் சேரும். கைக்கருவிகளுக்குச் சுமார் 10 மீட்டர் எல்லை. முகம் பார்க்க வேண்டியதில்லை, போன் பைக்குள்ளேயே இருக்கலாம். இந்தியாவில் இந்த அலைவரிசையை உரிமம் இல்லாமல் வெளியிடங்களிலும் பயன்படுத்தலாம் என்ற அறிவிப்பு 2005 ஜனவரியில் வந்தது.

இந்த வேலையை முதலில் அலுங்காமல் செய்து காட்டியது ஆப்பிள். 2002-இல் வந்த அதன் இயங்குதளத்தின் முகவரிப் புத்தகம் புளூடூத் போனோடு பேசியது; 2003 ஜனவரியில் ஐசிங்க் வந்து இரண்டு பக்கப் பட்டியலையும் ஒப்பிட்டுச் சரிசெய்தது. ஆனால் அம்பத்தூரில் இருந்ததெல்லாம் விண்டோஸ். அதில் புளூடூத் ஆதரவு எக்ஸ்பியின் இரண்டாம் சர்வீஸ் பேக்கோடு 2004 ஆகஸ்டில்தான் வந்தது. ரிச்சி தெருவில் கட்டைவிரல் அளவு டாங்கிள் ஒன்றும், கூடவே புளூசோலெய்ல் நிரல் உள்ள குறுந்தட்டும் வாங்கி வந்து வேலையைத் தொடங்குவார்கள்.

வேலை இப்படிப் போகும். டாங்கிளைச் செருக வேண்டும். போனில் புளூடூத்தைத் திறந்து, பிறர் கண்ணில் படும்படி விட வேண்டும். கணினி தேடும், பட்டியலில் பக்கத்து ஆபீஸ்காரரின் போனும் சேர்ந்து வரும். நம்முடையதைத் தேர்ந்தெடுத்து 0000 அல்லது 1234 என்று இரண்டு பக்கமும் ஒரே எண்ணைத் தட்டினால் ஜோடி சேரும். அவுட்லுக்கில் பெயர்களைக் குறித்து, வீகார்டாக அனுப்பு என்றால் போன் கிணுகிணுக்கும். நோக்கியா 6600 மாதிரியான போன்களில் கார்டு நேரே போன்புக்கில் ஏறாது. குறுஞ்செய்தி மாதிரி இன்பாக்ஸில் விழும். திறந்து, விருப்பத்தேர்வுக்குப் போய், சேமி என்று அழுத்த வேண்டும். ஒரு பெயருக்கு நாலைந்து அழுத்தல். 300 வாடிக்கையாளர் உள்ள பட்டறைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்க வேண்டியிருக்கும். சரி, எல்லாப் பெயரையும் ஒரே கோப்பாக்கி அனுப்பலாம் என்றால், பல போன்கள் அந்தக் கோப்பின் முதல் பெயரை மட்டும் வாசித்துவிட்டு வேலை முடிந்தது என்று சொல்லும். நோக்கியா பி.சி. சூட் போன்ற நிரல்கள்தான் இதற்கு விடிவு. அவை முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் ஏற்றின.

ஏறிய பிறகு பார்த்தால் பெயர்கள் வேறு ஆட்களாகியிருக்கும். வீகார்டில் பெயருக்கான வரி குடும்பப் பெயர், சொந்தப் பெயர், நடுப்பெயர் என்று அரைப்புள்ளி போட்டுப் பிரிக்கப்பட்டது. கே. முருகன் என்று ஒரே கட்டத்தில் தட்டி வைத்ததை அவுட்லுக் தானே பிரித்து, ‘கே’யைச் சொந்தப் பெயராகவும் முருகனைக் குடும்பப் பெயராகவும் ஆக்கிவிடும். போன் தன் விருப்பப்படி வரிசைப்படுத்தும். ஒரு போனில் அவர் ‘முருகன் கே’, இன்னொன்றில் ‘கே முருகன்’. இரண்டாவது வகை போனில் கே. முருகன், கே. சேகர், கே. லட்சுமி எல்லாரும் ‘கே’யின் கீழ் வரிசையில் நிற்பார்கள், முருகனைத் தேடி ‘எம்’ அழுத்தினால் வரமாட்டார். நூறு வருடத்துக்கு முந்திய டைரக்டரிக்காரர்கள் தீர்த்து வைத்த சிக்கல் புதுச் சட்டையில் திரும்பி வந்தது. இனிஷியலை விட்டுவிட்டு, தொழிலையோ இடத்தையோ பின்னால் ஒட்டுவதே ஊரார் கண்டுபிடித்த வழி. முருகன் பிளம்பர், முருகன் ஷெட், முருகன் ஹவுஸ் ஓனர். இண்டெக்ஸ் டைரிக்காரர்கள் செய்ததும் இதைத்தான்.

தமிழில் முகவரி வைத்திருந்த அச்சகங்களுக்கும் சங்கங்களுக்கும் வந்த சோதனை பெரியது. அவை டாம், டாப், டிஸ்கி, பாமினி என்று ஏதோ ஒரு எழுத்துருவின் குறியீட்டில் தட்டப்பட்டவை. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி அரசு டாம், டாப் இரண்டையும் தரமாக ஏற்றது. யூனிகோடை ஏற்ற அரசாணை 2010-இல்தான் வந்தது. நடுவிலிருந்த காலத்துப் பட்டியல்கள் எந்தப் போனுக்குப் போனாலும் கொக்கிகளும் டாலர் குறிகளுமாகவே போய் விழுந்தன. யூனிகோடில் இருந்தாலும் நிம்மதியில்லை. பழைய வீகார்டுப் பதிப்பில் ஆங்கிலம் அல்லாத எழுத்து ஒவ்வொன்றையும் சமக்குறியும் எண்ணுமாக உருமாற்றித்தான் பெரும்பாலும் அனுப்பினார்கள். ‘க’ என்ற ஒரே எழுத்து ஒன்பது குறிகளாக நீளும். கோவிந்தராஜனுக்கு 108 குறிகள். வரி நீளம் 76-ஐத் தாண்டக் கூடாது என்பதால் பெயர் நடுவில் மடியும். மடிப்பைச் சரியாக விரிக்கத் தெரியாத போனில் பாதி கோவிந்தராஜனும் பாதி சமக்குறியும் தெரியும்.

எண்ணிலும் குழப்பம் உண்டு. ஒருவர் எண் பூச்சியத்தோடு ஒரு தடவை, பூச்சியமில்லாமல் ஒரு தடவை, 91 சேர்த்து ஒரு தடவை என்று மூன்று முறை ஏறும். சென்னை லேண்ட்லைன்கள் ஏழு இலக்கத்திலிருந்து எட்டுக்கு மாறி, முன்னால் 2 சேர்ந்தபோது கணினியில் திருத்தியவர்கள் போனில் திருத்தவில்லை. அடுத்த தடவை ஏற்றியபோது இரண்டும் தனித்தனிப் பெயர்களாக நின்றன. பி.பி. என்று குறிக்க வீகார்டில் இடமே கிடையாது. வீடு, ஆபீஸ், செல், ஃபேக்ஸ் உண்டு. பக்கத்து வீடு இல்லை. அதற்குள் பி.பி. எண்ணே ஒழிந்துபோயிருந்ததால் யாரும் புகார் சொல்லவில்லை.

வீட்டில் கணினி இல்லாதவர்களுக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்தது செல்போன் கடை. புதுப் போன் வாங்கினால் பழைய போனிலிருந்து கணினிக்கு, கணினியிலிருந்து புதுசுக்கு என்று பெயர்களை மாற்றித் தருவார்கள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றுவதும் ரீசார்ஜும் அதே மேஜையில். ஆவடி மார்க்கெட்டிலும் அம்பத்தூர் ஓ.டி.யிலும் நின்றுகொண்டு முடித்துக்கொள்கிற காரியம். கடைக்காரரின் கணினியில் ஊர்ப் போன்புக் முழுவதும் ஒரு பிரதி தங்கிவிடுகிறதே என்று கவலைப்பட்டவர்கள் குறைவு. பயமெல்லாம் வைரஸைப் பற்றி. 2004 ஜூனில் தலைகாட்டிய காபிர், சிம்பியன் போனிலிருந்து போனுக்குப் புளூடூத்திலேயே தொற்றியது. அதனால் வேலை முடிந்ததும் புளூடூத்தை அணைத்துவிடச் சொல்வது கடைக்காரரின் வழக்கமான அறிவுரை ஆனது.

கடையின் இந்த வேலையைப் பறித்தது இணையம். 2000-இல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., மோட்டரோலா முதலிய நிறுவனங்கள் சிங்க்எம்.எல். என்ற தரத்தை அறிவித்தன. போன் நேரே சர்வரோடு பேசி, மாறியதை மட்டும் பரிமாறிக்கொள்ளும். மேஜையோ டாங்கிளோ வேண்டாம். ஆனால் டேட்டாவுக்குக் கிலோபைட் கணக்கில் காசு வாங்கிய காலத்தில் அதைச் சீண்டியவர் சிலரே. 2009-இல் ஆண்ட்ராய்டு இந்தியாவுக்கு வந்தபோது ஜிமெயில் கணக்கைப் போட்டதுமே பெயர்கள் தாமாக ஏறின. 2011-இல், முகவரிப் பட்டியலைச் சர்வரோடு ஒத்திசைக்கும் கார்டுடாவ் இணையத் தரமானது. அதே வருடம் ஆப்பிளின் ஐகிளவுடும் வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கி டேட்டா மலிந்தபின், கணினி முகவரிப் புத்தகத்துக்கும் போன் புத்தகத்துக்கும் வித்தியாசமே இல்லாமல் போயிற்று. இரண்டும் எங்கோ இருக்கும் சர்வரில் உள்ள ஒரே பட்டியலின் இரண்டு ஜன்னல்கள்.

அண்ணனூர் ஷெட்டில் மட்டும் பட்டியல் வேறு கணக்கில் ஓடுகிறது. ரயில்வேக்கு நெடுங்காலமாகவே தனித் தொலைபேசிப் பிணையம் உண்டு. செல்போன் வந்தபின், ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான சி.யூ.ஜி. சிம்கள் வந்தன. அந்த எண் ஆளுக்கு அல்ல, பதவிக்கு. அதிகாரி மாற்றலாகிப் போனால் சிம்மை அடுத்து வருகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அதனால் ஊழியர்களின் போன்புக்கில் அந்த எண்கள் ஆள் பெயரில் ஏறுவதில்லை. பதவியின் சுருக்கமும் இடத்தின் பெயருமாக நிற்கும். இனிஷியல் முன்னா பின்னா என்ற சண்டைக்கு அங்கே இடமில்லை. 2019 ஜனவரி 1 அன்று ரயில்வேயின் சி.யூ.ஜி. சேவை ஏர்டெல்லிலிருந்து ஜியோவுக்கு மாறியது. எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருந்ததால் எண்களும் அப்படியே வந்தன. சிம்மை மட்டும் மாற்றிப் போட்டார்கள். போன்புக்கை யாரும் திறக்க வேண்டியிருக்கவில்லை.